வாய் மூடத் தெரியாத தக்காளி

ஆயுத பூஜையன்று காலை ஏழரை மணிக்கு ஆய்வகத்தின் செடி வளர்ப்பறைக் கதவைத் திறந்த ஷைலாவுக்கு, அறை மாறி வந்துவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குளிரூட்டி வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அவள் தோள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற ஒன்பது தக்காளிச் செடிகளும், கொடியில் பிழியாமல் போட்ட துணி மாதிரித் தொங்கின. இலைகள் தண்டோடு ஒட்டிக் கிடந்தன. கட்டிவைத்த குச்சிகளும் பக்கத்துத் தொட்டிகளின் சாதாரணச் செடிகளும் மட்டும் நேராக நின்றன.

தோள்பையைக்கூடக் கழற்றவில்லை அவள். அப்படியே நின்றாள்.

ஒன்பது செடி போனால் இன்னொரு ஒன்பது நட்டுக்கொண்டால் ஆயிற்று, இதற்கு ஏன் இந்தப் பதற்றம் என்று கேட்கலாம். நடுவதற்கு விதை வேண்டுமே. நாலு வருஷத்துக்கு முன் பதினோராயிரம் தக்காளி விதைகளை மரபணுவை மாற்றும் மருந்தில் ஊறவைத்து, முளைத்த ஒவ்வொன்றையும் காயப்போட்டுப் பார்த்து, ஒரே ஒரு செடியைக் கண்டுபிடித்திருந்தாள். நாற்பத்தொன்று என்று அதற்கு எண். அந்தத் தாய்ச்செடி நாலைந்து காய் காய்த்துவிட்டுக் கருகிப்போனது. கிடைத்த விதைகளில் பாதி சோதனைக்குப் போயிற்று, மீதியில் முளைத்தவை இந்த ஒன்பதுதான். விதைப் பொட்டலம் காலி. வருகிற மார்ச்சில் அவளுடைய ஆராய்ச்சிப் பதிவுக்காலம் முடிகிறது. இந்தச் செடிகள் இல்லாவிட்டால் ஆய்வேட்டில் எழுத அவளிடம் ஒன்றுமில்லை.

பூஜை விடுமுறைக்கு வால்பாறைக்கு வா என்று அம்மா மூன்று நாளாக ஃபோனில் நச்சரித்தாள். எஸ்டேட் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்துவிட்டார்களாம். "செடிக்கு யாரும்மா தண்ணி ஊத்துவா" என்று சொல்லிவிட்டு, பெரியநாயக்கன்பாளையம் விடுதியிலேயே தங்கிவிட்டாள் ஷைலா. தங்கியும் இப்படி.

கைகள் தாமாக வேலையைத் தொடங்கின. தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம். குளிரூட்டியைப் பார்த்தாள். இருபத்தைந்து டிகிரி. ஈரப்பதம் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தாள். எண்பத்துநாலு. இருக்க வேண்டியது எண்பதுக்கு மேல். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளை இன்னும் மிரளவைத்தது. ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு மூச்சு விட்டிருக்கலாம்.

மனோஜ்குமார் அண்ணன்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்ததும் உண்மை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பம்பு செட் பட்டறையில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தவர். விடுமுறைக்கு முந்தின நாளே எல்லோரும் கூடிச் சாமி கும்பிட்டுவிடுவது இங்கே வழக்கம். ஆயுத பூஜை என்றால் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, ஒருநாள் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும் அவருக்கு.

"வருசம் பூரா ஓடுதுங்க. மனுசனுக்கே ஞாயித்துக்கெழமை லீவு உண்டு" என்று வளர்ப்பறை சுவிட்சில் கைவைத்தார் நேற்று.

"அண்ணா, இதை மட்டும் விட்டுருங்க. அணைச்சா என்ர செடி செத்துப்போயிருமுங்க."

"சரி, அணைக்கல. ஆனா பொட்டு வெக்காம உடமாட்டேன். நீங்களே வைங்க அம்மணி, உங்க மெஷினுக்கு உங்க கையால."

ஷைலா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு பாட்டு கிடைக்கும். ஆனால் எல்லோரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். புகை போலத் தண்ணீரைப் பீச்சும் ஃபாகர் இயந்திரத்துக்கு ஒன்று, சுவிட்ச் பெட்டிக்கு ஒன்று, கண்ணில் பட்ட உருண்டையான எல்லாவற்றுக்கும் ஒன்று. மேலே குங்குமம். மனோஜ்குமார் ஃபாகருக்கு முன்னால் இலை போட்டு, பொரியும் பொட்டுக்கடலையும் வைத்து, கற்பூரம் காட்டினார். வளர்ப்பறைக்குள் தின்பண்டம் கூடாது என்பது விதி. நேற்று ஒருநாள் யாரும் அதைப் பேசவில்லை.

சுவிட்சை அவர் அணைக்கவும் இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஷைலா ஃபோனை எடுத்து, தன் வழிகாட்டி சித்திகா மேடத்தை அழைத்தாள். மேடம் சென்னிமலையில் அப்பா வீட்டில் இருந்தார். அங்கேயும் தறிகளுக்குப் பூஜை.

"மேடம், நாப்பத்தொண்ணு சாஞ்சிருச்சுங்க."

"சாஞ்சிருச்சுன்னா? குச்சி ஒடஞ்சிருச்சா?"

"இல்லீங்க மேடம். வாடிருச்சுங்க. ஒம்பதும்."

மறுமுனையில் யாரோ தறிக்கு மாலை கட்ட நூல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் தள்ளிப்போயிற்று. மேடம் வேறு அறைக்கு நடந்துவிட்டார் போலிருக்கிறது.

"ஈரப்பதம் என்ன காட்டுது?"

"எம்பத்தி நாலுங்க."

"மண்ணு?"

"ஈரமாத்தானுங்க இருக்குது."

மேடம் மிக மெதுவாகச் சொன்னார். "ஷைலா, கதவச் சாத்தீட்டு வெளிய வா. செருப்ப உள்ளயே உட்டுரு."

செருப்பை உள்ளே விடச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். மண் ஈரமாக இருந்து, காற்றும் சரியாக இருந்து, தக்காளி ஒரே நாளில் வாடினால் அது பாக்டீரியா வாடல் நோய். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தட்டில் தொடங்கிய நோய், செருப்பிலும் தண்ணீரிலும் ஒட்டிக்கொண்டு எட்டு அறைகளுக்கும் போயிற்று. ஏழு பேருடைய செடிகளை மூட்டை கட்டி அழித்தார்கள். ஒரு பையன் படிப்பையே விட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் அந்த விதி வந்தது: வாடின தக்காளியைப் பார்த்த நாலு மணி நேரத்துக்குள் வேர், மண், காய் ஒன்று விடாமல் ஆட்டோகிளேவில் போட்டு அவித்துவிட வேண்டும். ஆட்டோகிளேவ் என்றால் பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா முறை. உள்ளே போனது எதுவும் உயிரோடு வெளியே வராது.

"பதனொன்னரைக்குள்ள முடிச்சிருக்கோணும்" என்றார் மேடம். "நான் மனோஜ்குமாரக் கூப்புடறேன். நீ ஒண்டியா தூக்காத."

"மேடம், ஒருக்கா தண்ட வெட்டி தண்ணில உட்டுப் பாத்தர்றனுங்க."

"பாரு. ஆனா நேரத்தப் பாத்துக்க."

நோய் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வாடின செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி தொங்கவிட்டால், கிருமி இருந்தால் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கும். விவசாயிகளே செய்து பார்ப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு செடியை வெட்ட வேண்டும். ஷைலா கத்தியைத் தீயில் காட்டிவிட்டு, எந்தச் செடி என்று தெரியாமல் ஒன்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் காய் இல்லாத ஒன்றாகப் பார்த்து வெட்டினாள். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். விரல் தப்பியது புண்ணியம்.

தம்ளருக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு சின்னக் காற்றுக்குமிழ் தண்டு நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அசைந்தபோதெல்லாம் அவள் நெஞ்சு அசைந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

படம் பிடித்து அனுப்பினாள். மேடமே திரும்ப அழைத்தார்.

"வரலீங்க மேடம். ஒண்ணுமே வரல."

"வரலீன்னா இல்லைன்னு அர்த்தமில்ல கண்ணு. கிருமி கம்மியா இருந்தா வராது."

"ஒம்பதும் சாயற அளவுக்கு இருந்தா வந்துதானுங்க ஆகோணும்."

"உன்ர செடி சாதாரணச் செடியா? எந்நேரமும் எல வாயத் தொறந்துட்டே தண்ணிய இழுக்கறது. அதச் சாய்க்க கொஞ்சூண்டு போதும். மத்தது நாளைக்குச் சாயும்." "எனக்கு மட்டும் ஆசையா ஷைலா? போன தடவ ஒரு மணி நேரம் பொறுக்கலாம்னு நான்தான் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்துல மூணு ரூம் போச்சு."

ஷைலா ஃபோனை வைத்துவிட்டு வெறுங்காலோடு நடைபாதையில் நின்றாள். பயந்தால் அவளுக்கு வாய் உலர்ந்துபோகும். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதே காலுக்கு மனோஜ்குமார் வந்தார். புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, அவருடைய வண்டியின் கைப்பிடியில் சாமந்தி மாலை.

"ஏனுங்க அம்மணி, நல்ல நாளு அதுவுமா இப்படியா? ஊட்டுல ஒறம்பரைச் சனம் வந்து உக்காந்திருக்குது. எலை போட்டதப் பாத்துட்டு எந்திரிச்சு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். நேராகப் போய் ஆட்டோகிளேவில் தண்ணீர் ஊற்றிச் சூடேற்ற வைத்தார். பிறகு சாக்குகளோடு வந்து, காலில் உறை மாட்டிக்கொண்டு வளர்ப்பறைக்குள் நுழைந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

"எதெல்லாம் தூக்கோணும்?"

"எல்லாமேதானுங்க அண்ணா."

"இது நல்லாத்தானே நிக்குது?" ஒவ்வொரு தட்டிலும் வாடின செடிக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணச் செடி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த கூடப்பிறந்தவை. அவை விறைப்பாகப் பச்சையாக நின்றன. "ஒரே மண்ணு, ஒரே தண்ணி. இது நிக்குது, அது படுத்துக்குச்சு. அதென்னங்க கணக்கு?"

ஷைலாவுக்குப் பேசும் தெம்பு இல்லை. ஆனால் பேசாமல் இருந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அதனால் பேசினாள்.

"எலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் இருக்குமுங்க அண்ணா, ஆயிரக்கணக்குல. அது வழியாத்தான் தண்ணி ஆவியாப் போகும். தண்ணி பத்தலீன்னா செடிக்குள்ள ஒரு ஹார்மோன் ஊறும். அப்சிசிக் அமிலம்னு பேரு. செடி பயந்துபோச்சுன்னு வெச்சுக்கங்க."

"சரி."

"அது வந்ததும் ஒரு புரதம் அதப் புடிச்சு உள்ள வெச்சு மூடிக்கும். மூடுனதும் அதோட உருவம் மாறிப்போகும். மாறிப்போயி, பக்கத்துல இருக்கற இன்னொரு புரதத்தக் கவ்விக்கும். அந்த ரெண்டாவதுதானுங்க பிரேக்கு. சாதாரண நாள்ல அது மூணாவது ஒருத்தன அமுக்கிப் புடிச்சிருக்கும். பிரேக்கக் கவ்விட்டா, அந்த மூணாவது ஆளு எந்திரிச்சுப் போயி வாய மூடச் சொல்லும். வாய் மூடுனா தண்ணி மிச்சம்."

"மூணு பேரு வேல. செரி, இதுக்கு என்ன கொற?"

"பிரேக்குல ஒரே ஒரு இடம் மாறிப்போச்சுங்க. மொத ஆளு கவ்வப் போனா வழுக்குது. எவ்வளவு ஹார்மோன் ஊறுனாலும் பிரேக்கு பிரேக்காவே நிக்கும். வாய் மூடவே மூடாது."

"என்ர மச்சினன் மாதிரி" என்றார் மனோஜ்குமார். "எதுக்குங்க இந்தச் சீக்காளிய இத்தன வருசம் பொத்திப் பொத்தி வளத்தீங்க?"

"கழண்டு போனாத்தானே அண்ணா எந்த ஆணி எதப் புடிச்சிருந்துச்சுன்னு தெரியும். அது தெரிஞ்சா, கவ்வறத இன்னும் இறுக்கி, கம்மித் தண்ணில நிக்கற செடி பண்ணலாம்."

அவர் ஒரு தொட்டியைத் தூக்கிச் சாக்கில் வைத்தார். வாடின தண்டு அவர் புதுச் சட்டையில் உரசியது. பிறகு நின்று யோசித்தார். பட்டறைக்காரர் மூளை. "அப்ப, காத்து காஞ்சுபோச்சுன்னா, நல்ல செடி வாய மூடிட்டு நிக்கும். இது மூடத் தெரியாம சாயும். அப்படித்தானுங்களே?"

"அப்படித்தானுங்க. ஆனா காத்து காயலியே. எம்பத்தி நாலு காட்டுது."

"மெஷினு பொய் சொல்லாதுங்க அம்மணி. நேத்து அத்தன மரியாத செஞ்சிருக்கோம்."

இரண்டாவது தொட்டி. மூன்றாவது. வெளியே ஆட்டோகிளேவ் சூடாகிக் கடகடவென்று ஆடத் தொடங்கிவிட்டது. மணி பத்து முப்பத்தைந்து. ஒவ்வொரு தொட்டி சாக்குக்குள் போகும்போதும் ஷைலா அதிலிருந்த காய்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பச்சை மாறிச் செங்காயாகிக்கொண்டிருந்தவை. இன்னும் பத்து நாள் போயிருந்தால் பழுத்திருக்கும். ஒரு காயையாவது பறித்துத் தோள்பையில் போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்தாள். உடனே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தப் பையோடு இன்னொருத்தர் அறைக்குப் பக்கத்தில் நடந்தால் போதும், அவர்களுடைய நாலு வருஷமும் போய்விடும்.

ஃபாகரை ஒட்டியிருந்த தட்டுக்காக மனோஜ்குமார் குனிந்தார். நேற்று வைத்த இலை வழியில் கிடந்தது. சாமிக்கு வைத்ததைச் சாக்கில் போட அவருக்கு மனம் வரவில்லை. அதை நகர்த்தி வைக்கப் போனவர், பழக்க தோஷத்தில் ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த அறையில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. மொறுக்மொறுக்கென்று.

ஷைலா திரும்பினாள். "அண்ணா, என்ன திங்கறீங்க?"

"பொரிங்க. பிரசாதம். தூக்கிப் போடக் கூடாதில்ல."

"மொறுமொறுன்னு இருக்குதுங்களா?"

"இருக்குது. ஏன், வேணுமா?"

அவள் இலையிலிருந்து ஒரு பொரியை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் உதிர்ந்தது. இந்த அறையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வைத்தால் அரை மணி நேரத்தில் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். அவளே பார்த்திருக்கிறாள். நேற்று மூன்று மணிக்கு வைத்த பொரி எண்பத்துநாலு சதவீத ஈரத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தால், நமுத்துச் சவசவ என்று ஆகியிருக்க வேண்டும்.

"அண்ணா, இந்த ரூம்ல ஈரமே இல்லீங்க."

"அந்தத் தெரை…"

"அத உடுங்க. காலைலருந்து நான் எத்தன தடவ பாத்தேன். ஒவ்வொரு தடவையும் எம்பத்தி நாலு. கதவத் தொறந்து மூடுறோம், ஒரு புள்ளி எறங்கோணுமில்ல? ஏறோணுமில்ல? நின்னது நின்னபடி இருக்குது. ஃபாகரு பொகை உட்டு நீங்க பாத்தீங்களா?"

அவர் ஃபாகரைப் பார்த்தார். அதன் வாய் வறண்டு கிடந்தது.

ஈரத்தை அளக்கும் சென்சார் மேலேயிருந்து ஒரு ஒயரில் செடி உயரத்துக்குத் தொங்கும். கட்டைவிரல் தண்டிக்கு, வெள்ளை நிறத்தில், சல்லடை மூடி போட்டது. ஷைலா அதைக் கையில் ஏந்தித் திருப்பினாள். சல்லடை முழுக்கச் சந்தனம் அப்பி, அதன்மேல் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. அப்பிய சந்தனம் துளைகளை அடைத்து, தன் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு, அறை நனைந்திருக்கிறது நனைந்திருக்கிறது என்று நேற்று சாயங்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஈரம் இருக்கிறதென்று நம்பி ஃபாகர் சும்மா கிடந்தது. குளிரூட்டி மட்டும் ஓடி, இருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது. வாய் மூடத் தெரிந்தவை மூடிக்கொண்டு பிழைத்தன.

சந்தனத்தில் விரல் ரேகை பதிந்திருந்தது. சின்ன விரல். மனோஜ்குமாருடைய விரல் இதைப்போல இரண்டு பங்கு இருக்கும்.

தப்பித்தோம் என்ற நினைப்பு வருவதற்கு முன்னால் வேறொரு பயம் வந்து நின்றது. கிருமி கொல்லவில்லை. அவள் கொன்றிருக்கிறாள்.

மனோஜ்குமாரும் ரேகையைப் பார்த்தார். ஈரத்துணியால் சென்சாரைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார். "நான் வெச்சதுன்னு சொல்லிப்போடறனுங்க. மேடம் என்னைய என்ன செய்வாங்க, வைவாங்க. வாங்கிக்கறேன். உங்களுக்கு மார்ச்சுல கையெழுத்து வேணுமில்ல."

திரையில் எண் இறங்கியது. எண்பத்துநாலு, எழுபது, ஐம்பத்தொன்று. முப்பத்தொன்றில் வந்து நின்றது. ஒரு நிமிடம் கழித்து ஃபாகர் செருமிக்கொண்டு புகையைக் கக்கியது. அறை வெளுத்துப்போயிற்று.

"போயி ஆட்டோகிளேவ மொதல்ல அணைங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் மேடத்தை அழைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு பொரியிலிருந்து தொடங்கிச் சென்சார் வரை சொன்னாள். எல்லாச் செடியையும் இந்த அறைக்குள்ளேயே பூட்டி வைக்கிறேன், திங்கட்கிழமை கிருமிச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாம், அவிக்க மட்டும் வேண்டாம் என்றாள்.

"சந்தனமா?" என்றார் மேடம். "அந்த மனுசங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன், பட்டறை வேற லேபு வேறன்னு. ஃபோன அவருகிட்டக் குடு."

மனோஜ்குமார் கதவருகில் நின்று கையை நீட்டினார், கொடுங்கள் என்பதுபோல. ஷைலா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணன் இல்லீங்க மேடம். என்ர கைதானுங்க. நான்தான் வெச்சேன்."

மனோஜ்குமார் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

"பொரி இன்னும் மொறுமொறுன்னு இருக்குதா?" என்றார் மேடம்.

"இருக்குதுங்க."

"ஒரு டப்பால போட்டு இறுக்கி மூடி வெய்யி. நாலு மணி நேரத்துல ஏன் அவிக்கலீன்னு டைரக்டர் கேட்டா எனக்குக் காட்டறதுக்கு ஏதாச்சும் வேணும்." பிறகு, "உன்னைய வையறது அப்பறம். செடி எந்திரிக்குதா பாரு" என்றார்.

செடி எழுந்திருக்கவில்லை. சாக்கிலிருந்து எடுத்து மறுபடி குச்சியோடு கட்டிவைத்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. மனோஜ்குமார் வீட்டிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்று முறையும் "தா, வந்துட்டே இருக்கேன்" என்றார், இடத்தைவிட்டு அசையாமல். புகைக்குள் இலைகள் நனைந்து பளபளத்தன. ஆனால் தொட்டால் நனைந்த காகிதம் மாதிரி ஓரம் கிழிந்தது. காய்ந்து முடிந்த இலைக்கு ஈரம் காட்டி என்ன செய்ய. தண்டின் கழுத்து எட்டிலும் சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது.

ஷைலா மறுபடி மேடத்திடம் சொன்னாள்.

"காய் எத்தன இருக்குது?"

"செங்காய் அஞ்சுங்க."

"வெட்டிப் பாரு. வெத முத்தியிருந்தா…" மேடம் முடிக்கவில்லை. முத்தாத விதை காய்ந்தால் உமி. அது இருவருக்கும் தெரியும்.

காயைத் தட்டில் வைத்தாள். கத்தியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "நான் வெட்டட்டுங்களா?" என்றார் மனோஜ்குமார். தலையை ஆட்டி மறுத்துவிட்டு அவளே வெட்டினாள். இரண்டு பாதியும் பிரிந்து மல்லாந்தன.

"ஐயையோ, புழுவுங்க" என்றார் அவர்.

உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி சுருண்டு கிடந்தன. ஷைலா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு நிமிடம் கழித்துத்தான் குனிந்து பார்த்தாள். புழு என்றால் அசைய வேண்டும். இவை அசையவில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டில் விதைத்தோல் பிளந்து, வெளிறின பச்சையில் இலை மடிந்து தெரிந்தது.

"மொளைச்சிருக்குதுங்க அண்ணா."

"காய்க்குள்ளயேவா?"

"நல்ல காய்க்குள்ள வெத எப்பவும் ஈரத்துலதான் கெடக்கும். இருந்தாலும் மொளைக்காது. அதே ஹார்மோன்தான் அங்கயும் இருந்து, பொறு, இன்னும் நேரமாகலன்னு சொல்லிட்டே இருக்கும். இதுகளுக்கு அது கேக்காதுங்க. பொறுக்கத் தெரியாது."

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் முடியவில்லை. அடுத்தது என்ன என்று மனம் அதற்குள் ஓடிவிட்டது. முளைத்த விதையைக் காயவைக்க முடியாது. பொட்டலம் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்ள முடியாது. இன்றைக்கு, இப்போதே மண்ணுக்குப் போக வேண்டும். போன பிறகு ஒரு மணி நேரம் காற்று காய்ந்தாலும் செத்துப்போகும். பூ விட்டு, காய்த்து, மறுபடி விதை கிடைக்கிற வரைக்கும், இவற்றைவிட்டால் நாற்பத்தொன்று உலகத்தில் வேறெங்கும் இல்லை.

மற்ற நாலு காய்களையும் வெட்டினாள். இரண்டில் வெறும் நீர். இரண்டில் முளைகள். இடுக்கியால் பிடித்தால் நசுங்கிவிடும் என்று, ஈரமான ஓவியத் தூரிகை நுனியில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். மனோஜ்குமார் நோய் இல்லாத புது மண்ணை நனைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டில் நிரப்பிக் கொடுத்தார். அவர் மூச்சுக்கூட விடாமல் நிற்பதைப் பார்த்து, "மூச்சு உடுங்க அண்ணா" என்றாள்.

மொத்தம் பத்தொன்பது. வேர் ஒடிந்துபோன மூன்றையும் சேர்த்துத்தான் நட்டாள்.

"ஊட்டுல என்னைய அவிச்சுப்போடுவாங்க. நான் போயிட்டு வாரனுங்க" என்று மனோஜ்குமார் கிளம்பினார். கதவருகில் நின்று, துடைத்த சென்சாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஷைலா தட்டுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மூடியின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் நட்ட ஒன்று, வேர் மேலே தெரியும்படி நட்டுவிட்டோமோ என்று சந்தேகமாக இருந்தது. ஒரே ஒரு முறை மூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூக்கினால் ஈரம் போய்விடும். திரையைப் பார்த்தாள். எண்பத்திரண்டு. எண்பத்துமூன்று. மறுபடி எண்பத்திரண்டு. மூடியைப் பார்த்தாள். கை தானாக நீண்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.